தினமும் உட்காருகிறேன், நாவல் நகரவில்லை. எழுதும் நேரத்தை எப்படிக் காப்பாற்றுகிறீர்கள்?

நீலமை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடத்துக்கு மேலாக ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆறாவது அத்தியாயம் பாதியில் நிற்கிறது. நின்று பதினான்கு மாதமாகிவிட்டது. என் கதாநாயகி, பேச்சுவார்த்தை அற்றுப்போன அக்காவின் வீட்டு வாசலில் கதவைத் தட்டக் கையைத் தூக்கியிருக்கிறாள். அந்தக் கை இன்னும் கதவைத் தொடவில்லை.

எனக்கு 38 வயது. கணக்குப் பிரிவில் முழுநேர வேலை. மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு மூன்று. சின்னவன் தூங்கியபின் இரவு 9.45-லிருந்து 11 மணி வரைதான் எனக்கென்று இருக்கும் நேரம்.

எங்கே தவறு என்று பார்ப்பதற்காக மூன்று வாரம் ஒரு நோட்டில் குறித்துவைத்தேன். 21 நாளில் 11 நாள் உட்கார்ந்திருக்கிறேன். அதில் ஏழு நாள் முதல் அத்தியாயத்தைப் படித்துத் திருத்தியதிலேயே போயிற்று. ஒருநாள் 'பிறகு' என்பதை 'அப்புறம்' ஆக்கி, மறுநாள் அதையே பழையபடி மாற்றியிருக்கிறேன். மூன்று நாள் அடுத்து என்ன என்று யோசித்தபடியே 11 மணி ஆகிவிட்டது. ஒரே ஒரு நாள் புதிதாக 140 சொல் எழுதினேன்.

அதிகாலை நாலு மணிக்கு எழுந்து பாருங்கள் என்று பலரும் சொன்னார்கள். ஒன்பது நாள் எழுந்தேன். பத்தாவது நாள் அலுவலகத்தில் ஒரு கூட்டுத்தொகை தப்பாகப் போனது. அதோடு நிறுத்திவிட்டேன். விடுமுறை நாளில் நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைத்தாலும் அன்றும் முதல் அத்தியாயத்துக்கே போய்விடுகிறேன்.

வேலையும் வீடும் வைத்துக்கொண்டு எழுதி முடித்தவர்கள் யாராவது இருந்தால், நீங்கள் நிஜமாகச் செய்ததைச் சொல்லுங்கள். இந்த நாவலை முடிக்க வேண்டும். அது எனக்கு முக்கியம்.

மெய்ப்புக்காரர் எழுதியது:

சகோதரி, உங்கள் நோட்டுக் கணக்கை இரண்டு முறை படித்தேன். 21 நாளில் 11 நாள் உட்கார்ந்த ஒருவருக்கு ஒழுங்கு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். உங்களுக்குக் கதைக்குள் திரும்பி நுழைவதுதான் கடினமாக இருக்கிறது. பகல் முழுக்க எண்களோடு இருந்துவிட்டு, சமையலறையையும் குழந்தைகளையும் கடந்து வந்து உட்காரும்போது, அந்த வாசலில் அவள் எந்த மனநிலையில் நின்றாள் என்பது மறந்துபோயிருக்கும். அது நினைவுக்கு வருவதற்காக முன்னால் போய்ப் படிக்கிறீர்கள். படித்தால் கண்ணில் பிழை படும், பட்டால் கை திருத்தும். நான் 27 வருடம் மெய்ப்புத் திருத்திப் பிழைத்தவன். அந்தக் கை எனக்கும் உண்டு.

மூன்று நாவல்களை வேலைக்குப் போய்க்கொண்டேதான் எழுதினேன். முதல் நாவலுக்கு ஒன்பது வருடம் ஆயிற்று. இரண்டாவதை இரண்டு வருடத்தில் முடித்தேன். அப்போதும் அதே வேலை, அதே வீடு, நேரமும் கூடவில்லை. மாறியது ஒன்றுதான்: எழுதி முடிக்கும்போது கடைசி ஐந்து நிமிடத்தை அடுத்த நாளுக்கென்று ஒதுக்கினேன். கதையை நிறுத்திவிட்டு, அதற்குக் கீழேயே சாதாரணப் பேச்சில் எனக்கு நானே எழுதிக்கொள்வேன். 'நாளைக்கு: அவர் கோபமாக இருக்கிறார், ஆனால் மருமகள் முன்னால் காட்டமாட்டார். முதல் வாக்கியம் குடையைப் பற்றி.' இவ்வளவு போதும். மறுநாள் இதை மட்டும் படித்துவிட்டு எழுதத் தொடங்குவேன்.

அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும் என்று எர்னெஸ்ட் ஹெமிங்வே 1958-இல் வெளியான ஒரு பேட்டியில் சொல்லியிருக்கிறார். ஊற்று வற்றும்வரை இறைத்துவிட்டு எழுந்தால் மறுநாள் வறண்ட கிணற்றுக்கு முன்னால்தான் உட்கார வேண்டியிருக்கும். நீங்கள் கதவைத் தட்டும் இடத்தில், அக்கா என்ன சொல்வாள் என்று தெரியாத இடத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். கதைக்கு அது நல்ல இடம். ஆனால் எழுதுகிறவர் அன்றைக்கு எழுந்துபோக அது மோசமான இடம்.

பழையதைப் படிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தோணி டிராலோப் என்ற 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் அஞ்சல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே நாவல்கள் எழுதினார். காலை 5.30-லிருந்து 8.30 வரை அவர் எழுதும் நேரம். கடிகாரத்தை எதிரில் வைத்து, கால் மணிக்கு 250 சொல் என்று எழுதினார். இந்தக் கணக்கை எல்லோரும் சொல்வார்கள். அந்த மூன்று மணி நேரத்தில் முதல் அரை மணியை முந்தின நாள் எழுதியதைப் படிக்கத்தான் செலவிட்டார் என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. முந்தின நாள் எழுதியதை மட்டும். அதாவது ஆறில் ஒரு பங்கு நேரம். உங்கள் 75 நிமிடத்துக்கு அது பன்னிரண்டு நிமிடம் வரும். அதற்குமேல் போனால் அது திருத்தம். திருத்தத்துக்கென்று வேறு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அத்தியாயத்தைக் கண்ணுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் தனிக் கோப்பு போடுங்கள். பழையவை எல்லாம் வேறு உறையில் கிடக்கட்டும். முதல் அத்தியாயத்தில் ஏதாவது மாற்ற வேண்டும் என்று தோன்றினால் அந்த நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, அதை மாற்றியாகிவிட்டதாக எடுத்துக்கொண்டு மேலே போங்கள். எனக்கு அப்படிச் சேர்ந்த குறிப்புகளில் பாதி, நாவல் முடிந்தபின் பார்த்தபோது தேவையே இல்லாமல் போயிருந்தன.

கிளைநதி எழுதியது:

நீலமை, அதிகாலையை விட்டுவிட்டதற்காக வருத்தப்படாதீர்கள். தூக்கத்தைக் குறைத்து எழுதுவதை ஒழுக்கம் என்று சொல்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. மூன்று வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் தூக்கம் ஏற்கெனவே பற்றாக்குறைதான்.

விட்டுப்போன பத்து நாளுக்காகவும் வருந்த வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவரோடு சேர்ந்தவர்களும் 96 பேரை வைத்து, ஒரு செயல் எப்படிப் பழக்கமாகிறது என்று ஆராய்ந்து, முடிவை 2010-இல் வெளியிட்டார்கள். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று நாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அவர்கள் கணக்கில் நடுத்தரமாக 66 நாள் வந்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசப்பட்டது. நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. இது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஒருநாள் தவறினால் அந்த வாரமே போயிற்று என்று நோட்டை மூடிவைக்கிற ஆளாக நான் பல வருடம் இருந்திருக்கிறேன்.

கடிகார நேரத்தைப் பிடித்துக்கொள்ளாதீர்கள் என்றும் சொல்வேன். குழந்தை 9.45-க்குத் தூங்காத நாளில் 9.45 என்ற திட்டம் உடைந்துவிடும். 'அவன் தூங்கியதும் முகம் கழுவிவிட்டு ஜன்னலோர நாற்காலியில் உட்காருவேன்' என்று ஒரு செயலோடு இன்னொரு செயலைக் கட்டிவிடுங்கள். 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே வகுத்துக்கொள்பவர்கள், வெறுமனே செய்ய வேண்டும் என்று நினைப்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் நீண்ட காலம் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

அப்புறம் ஒன்று, கேட்கத் தயங்கித்தான் கேட்கிறேன். தினமும் நீங்கள்தான் தூங்கவைக்கிறீர்களா? உங்கள் கேள்வியில் வீட்டில் இன்னொரு பெரியவர் இருக்கிறாரா என்று தெரியவில்லை. இருந்தால், வாரத்தில் மூன்று நாள் அந்த வேலையை அவர் எடுத்துக்கொள்ளட்டும். 'கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று பொதுவாகச் சொல்லாமல் எந்த மூன்று நாள் என்று சொல்லிவிடுங்கள். என் பிள்ளைகள் சிறிசாக இருந்தபோது நான் வாய்திறந்து கேட்கவில்லை. என் எழுத்து அவ்வளவு பெரிய விஷயமில்லை என்று எனக்கே ஓர் எண்ணம் இருந்தது. அப்படிப் போனது ஏழு வருடம். அதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

பின்னிரவு எழுதியது:

நான் நேர்மாறான தவறைச் செய்தவன், அதனால் சொல்கிறேன். ஒரே மூச்சில் எழுதும் அந்த ஓர் இரவுக்காகக் காத்திருந்தேன். காப்கா ஒரு சிறுகதையை 1912 செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை ஆறு மணிக்கு முடித்தார் என்று படித்ததிலிருந்து அந்த ஆசை. அவரும் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்தானே என்று நினைத்துக்கொள்வேன். அவருடைய மூன்று நாவல்களும் முடிக்கப்படாமல் நின்றுவிட்டதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். சிறுகதை ஓர் இரவில் வரலாம். நாவலுக்குப் பல நூறு இரவுகள் வேண்டும். அதில் பெரும்பாலானவை சாதாரண இரவுகளாகத்தான் இருக்கும்.

கதவு திறக்க மறுத்தால், திறந்தபின் வரும் காட்சியை முதலில் எழுதிப் பாருங்கள். வரிசை பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நீலமை எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. கிளைநதி அக்கா, கணவர் இருக்கிறார். நான் கேட்டதே இல்லை. இன்று கேட்கப் போகிறேன்.

மெய்ப்புக்காரர் ஐயா, ஒரு சந்தேகம். நாளுக்கு எத்தனை சொல் என்று இலக்கு வைப்பது? ஆயிரம் என்று எங்கும் படிக்கிறேன். எனக்கு 300 தாண்டினாலே அபூர்வம்.

மெய்ப்புக்காரர் எழுதியது:

அந்த ஆயிரம் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களின் கணக்கு. ஒரே மாதத்தில் 50,000 சொல் எழுதும் சவால் ஒன்று 1999-இல் தொடங்கிப் பரவியதே, நாளுக்கு 1,667 சொல், அதுவும் ஆங்கிலத்தில் பிறந்ததுதான். தமிழில் ஒரு சொல்லுக்குள் ஒரு வாக்கியமே அடங்கிவிடும். 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று எழுதினால் கணினி அதை ஒரே சொல்லாகத்தான் எண்ணும். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஐந்தாறு சொல் வேண்டும். அதனால் அந்த எண்ணைத் தூக்கிவந்து உங்கள் தலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். 300 தமிழ்ச் சொல் என்பது குறைவே இல்லை. வாரம் நாலு நாள் எழுதினால் 1,200. ஐம்பது வாரத்தில் 60,000. அது முழு நாவல்.

நான் சொல்லை எண்ணுவதில்லை, நேரத்தைத்தான் எண்ணுகிறேன். பிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் கடைசியில் தக்காளி வடிவ சமையலறை மணியை வைத்து உருவாக்கிய 25 நிமிட முறையைக் கொஞ்ச நாள் செய்துபார்த்தேன். திருத்தவும் மெய்ப்புப் பார்க்கவும் அது அருமை. கதை எழுதும்போது, பாத்திரம் வாயைத் திறக்கிற நேரத்தில் மணி அடித்துவிடும். எனக்கு 40 நிமிடம் சரியாக இருந்தது. உங்களுக்கு எது என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். ஏதாவது தகவல் சரிபார்க்க வேண்டியிருந்தால் அந்த இடத்தில் மூன்று நட்சத்திரக் குறி போட்டுவிட்டு மேலே எழுதுங்கள். ஒரு சின்னத் தகவலைத் தேடப் போய் என் மாலை முழுக்கப் போன நாள்கள் எத்தனையோ.

நீலமை எழுதியது (ஆறு வாரம் கழித்து):

வந்து சொல்கிறேன் என்று சொல்லவில்லைதான். ஆனாலும் சொல்லத் தோன்றியது.

கதவு திறந்தாயிற்று. பின்னிரவு சொன்னபடி உள்ளே நடக்கும் காட்சியை முதலில் எழுதினேன். அக்கா கோபப்படுவாள் என்று பதினான்கு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதிப் பார்த்தால் அவளுக்குத் தங்கையை முதலில் அடையாளமே தெரியவில்லை. அதன்பின் வாசல் காட்சி ஒரே இரவில் வந்துவிட்டது.

திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் கணவர் சின்னவனைத் தூங்கவைக்கிறார். முதல் வாரம் அவன் அழுதுகொண்டு என்னிடம் ஓடி வந்தான். இரண்டாவது வாரமும் வந்தான். இப்போது வருவதில்லை. நாலாவது வாரம் இரண்டு குழந்தைகளுக்கும் காய்ச்சல், ஒரு வரி கூட எழுதவில்லை. ஆனால் முந்தைய வெள்ளிக்கிழமை எழுதிவைத்த 'நாளைக்கு' குறிப்பு அப்படியே காத்திருந்தது. பத்து நாள் கழித்து உட்கார்ந்தும் கால் மணிக்குள் கதைக்குள் போய்விட்டேன். முன்பென்றால் மறுபடி முதல் அத்தியாயத்துக்குத்தான் போயிருப்பேன்.

ஆறு வாரத்தில் 4,350 சொல். முதல் அத்தியாயத்தை இரண்டு முறை திறந்துவிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கான திருத்தக் குறிப்புகள் நோட்டில் மூன்று பக்கம் சேர்ந்திருக்கின்றன.

மெய்ப்புக்காரர் ஐயா, இன்னொரு கேள்வி. எழுதும் ஓட்டத்தில் இருக்கும்போது, அந்தக் கடைசி ஐந்து நிமிடத்துக்காக நிறுத்த மனம் வரவில்லை. மணி 11 தாண்டிவிடுகிறது. நீங்கள் அதை எப்படிச் சமாளித்தீர்கள்? பதிலை நாளை வந்து பார்க்கிறேன். இன்று வெள்ளி, சின்னவன் தூங்கிவிட்டான். குறிப்பில் இருப்பது இது: 'அக்கா தண்ணீர் எடுக்க உள்ளே போகிறாள். மேசைமேல் பிரிக்காத கடிதம். உறைமேல் இவளுடைய கையெழுத்து.'