புதுப்பிப்பு: கல்லியோப்பி என்ற பெயர்

பெண் குழந்தைக்குக் 'கல்லியோப்பி' என்று பெயர் வைக்கலாமா என்று முந்தைய இழையில் பேசினோம். பொருள் 'இனிய குரலுடையவள்'; கிரேக்கப் புராணத்தில் காவியத்துக்கான கலைத்தேவதை, பாடகன் ஓர்ஃபியஸின் தாய். சரி, கிரேக்கத்தில் இன்று அந்தப் பெயருக்கு என்ன மவுசு என்று சிலர் கேட்டதால் இது.

அங்கே இது பாட்டிகாலப் பெயர். பேத்திக்குப் பாட்டி பெயரை இடும் வழக்கம் இருப்பதால் இன்னும் தாக்குப்பிடிக்கிறது. வீட்டில் கூப்பிடுவது 'போப்பி' என்று. அதுவும் பழைய வாடை அடிக்கிறது என்பவர்களுக்கு 'கல்லியா'. ஜூன் 8 கிறிஸ்தவப் புனிதை கல்லியோப்பியின் நாள், அன்று இந்தப் பெயர்க்காரர்களுக்கு வாழ்த்து குவியும்.

ஒரு சங்கடம் உண்டு. கிரேக்க ராணுவக் கொச்சையில் 'கல்லியோப்பி' என்றால் கழிப்பறை கழுவும் வேலை! ஆண்களுக்குக் கட்டாய ராணுவ சேவை உள்ள நாடு, அதனால் அப்பாக்கள் பலருக்கும் இந்தக் கேலி தெரிந்திருக்கும்.

அமெரிக்காவில் 1855இல் ஜோஷுவா ஸ்டாடர்டு காப்புரிமை பெற்ற நீராவி இசைக்கருவிக்கும் இதே பெயர். சர்க்கஸ் ஊர்வலங்களில் காது கிழிய ஊதும் அதற்கு இனிய குரலாம்! உச்சரிப்பும் அங்கே 'கலையோப்பி' ஆகிவிடும். என்னைக் கேட்டால், பதிவேட்டில் முழுப்பெயர், கூப்பிடக் 'கல்லியா'.