எக்ஸ்பி பெட்டியை விஎம்முக்குள் போடலாமா?

அச்சுக்கூடம்:
எங்கள் டிடிபி கடையில் ஒரு விண்டோஸ் எக்ஸ்பி பெட்டி இருக்கிறது. பக்கம் கட்டும் பேஜ்மேக்கர் 7, பழைய தமிழ் ஃபாண்டுகள், டைப்ரைட்டர் கீபோர்டு டிரைவர் எல்லாம் அதில்தான். கோயில் மலர், கல்யாணப் பத்திரிகை, சில பதிப்பகங்களின் புத்தகங்கள் என்று பழைய ஃபைல்கள் ஏகப்பட்டது. இப்போது மதர்போர்டில் கப்பாசிட்டர்கள் உப்ப ஆரம்பித்துவிட்டன. ஃபாண்ட் மென்பொருளுக்கு ஒரு டாங்கிள் (அது இல்லாமல் மென்பொருள் திறக்காது, பூட்டுச் சாவி மாதிரி) உண்டு, பின்னால் பிரிண்டர் போர்ட்டில் செருகியிருக்கிறது. புது விண்டோஸ் 11 கம்ப்யூட்டரில் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள் போட்டு, அதற்குள் ஒரு விஎம்மில் (விர்ச்சுவல் மெஷின், மென்பொருளால் உருவாக்கும் கம்ப்யூட்டர்) எக்ஸ்பியை ஓட்டலாம் என்கிறான் தம்பி. பெட்டியைச் சரிபார்த்து ஓட்டினால் போதும் என்கிறார் அப்பா. உங்கள் அனுபவத்தில் எது சரிப்படும்?

குறுந்தகடு:
தம்பி சொல்வதுதான் சரி. பெட்டி என்றைக்கு உட்காரும் என்று யாருக்கும் தெரியாது. விஎம் என்றால் முழுக் கம்ப்யூட்டரும் சில ஃபைல்கள்தான். காப்பி எடுத்து வெளி டிஸ்க்கில் வைத்துவிட்டால் நிம்மதி. எக்ஸ்பிக்கு 512 எம்பி ராம் தாராளம்.

பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே இமேஜ் எடுத்துக் கொண்டுபோங்கள். விஎம் அமைக்கும்போது டிஸ்க்கை சாட்டாவில் (புது வகை டிஸ்க் இணைப்பு) மாட்டாமல் ஐடிஇ-யில் (பழைய வகை) மாட்டுங்கள், எக்ஸ்பியில் சாட்டாவுக்கு டிரைவர் கிடையாது. அதன்பிறகும் 7பி என்று முடியும் ப்ளூ ஸ்கிரீன் வந்தால் பயப்பட வேண்டாம். பழைய சிப்செட்டின் டிரைவரை எக்ஸ்பி இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ரெஜிஸ்ட்ரியில் பொதுவான ஐடிஇ டிரைவரைச் சேர்த்தால் பூட் ஆகிவிடும்.

பிரிண்டுக்கு, எக்ஸ்பியில் ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் பிரிண்டரை நிறுவி போர்ட்டை 'ஃபைல்' என்று வையுங்கள். வரும் பிஎஸ் (போஸ்ட்ஸ்கிரிப்ட்) ஃபைலை வெளியே கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளில் பிடிஎஃப் ஆக்கலாம். ஃபாண்ட் உள்ளேயே பதிந்துவிடும், பிளேட் எடுக்கிறவருக்கு அது போதும்.

லேத்துப்பட்டறை:
டாங்கிளைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நிம்மதி என்கிறீர்கள்! யுஎஸ்பி-யிலிருந்து பேரலல் போர்ட்டுக்கு (அந்தப் பிரிண்டர் போர்ட்தான்) மாற்றும் கேபிள் கடையில் கிடைக்கும். பிரிண்டருக்கு வேலை செய்யும், டாங்கிளுக்குச் செய்யாது. பழைய மென்பொருள் 378 என்ற போர்ட் முகவரியில் நேரடியாகத் தட்டிப் பார்க்கும். அந்தக் கேபிளில் அப்படி ஒரு முகவரியே கிடையாது.

நான் கோவையில் சிஎன்சி ரௌட்டர் (கம்ப்யூட்டர் சொல்கிறபடி வெட்டும் மெஷின்) ஓட்டுகிறேன். மாக்3 மென்பொருள் பேரலல் போர்ட் வழியாக மோட்டாருக்கு பல்ஸ் அனுப்பும். சாதாரண அமைப்பில் விநாடிக்கு 25,000 முறை, அதாவது 40 மைக்ரோ விநாடிக்கு ஒரு தடவை. நடுவில் இன்னொரு ஓஎஸ் உட்கார்ந்தால் அந்தத் தாளம் தப்பும், மோட்டார் ஸ்டெப்பை விடும், ஜாப் வீண். அதன் பேரலல் டிரைவர் 64 பிட் விண்டோஸிலும் ஏறாது. அதனால் எங்களுக்கு இன்றும் பழைய பெட்டிதான். கப்பாசிட்டர் மாற்ற ஒரு மெக்கானிக் போதுமே, அப்பா சொல்வதில் என்ன தப்பு?

குறுந்தகடு:
அண்ணே, உங்கள் மெஷின் கதை வேறு, அவர் கடை கதை வேறு. பக்கம் கட்டுகிறவருக்கு மைக்ரோ விநாடிக் கணக்கு எதற்கு? புதுக் கம்ப்யூட்டரில் பேரலல் போர்ட் கார்டு மாட்டினால் அதற்கு வேறு முகவரி விழும், டாங்கிள் தெரியாது, உண்மைதான். ஆனால் விஎம்முக்குள் இருக்கும் எக்ஸ்பிக்கு 378 என்றே காட்டி, அந்த கார்டைப் பின்னால் இணைக்க வழி இருக்கிறது. விஎம்மைத் தாங்கும் வெளிக் கம்ப்யூட்டரில் (ஹோஸ்ட்) லினக்ஸ் என்றால் சிரமம் குறைவு. சில டாங்கிள்கள் அப்போதும் முரண்டு பிடிக்கும், செய்து பார்த்துதான் சொல்ல முடியும்.

யூனிகோடுவாசி:
இரண்டு பேரும் பிணத்துக்கு அலங்காரம் செய்கிறீர்கள். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-லேயே முடிந்தது. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீடு) தெரியாது, 7-க்குப் பிறகு அது வரவும் இல்லை. விஎம்மில் போட்டாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தைக் காட்டும் பழைய எட்டு பிட் எழுத்துதானே? தேட முடியாது, மின்னூலாக்க முடியாது. அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் ஆங்கிலக் குப்பை. பக்கம் கட்டும் இன்னொரு மென்பொருளான இன்டிசைன், சிஎஸ்6 பதிப்பு வரைக்கும் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும், அடுத்து வந்த சிசி-யில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். வழி இருக்கும்போதே மாற்றிவிடுங்கள் சார்.

குறுந்தகடு:
மாற்றிப் பார்த்திருக்கிறீர்களா? பழைய ஃபாண்டில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கிடக்கும். யூனிகோடில் க முதலில் வரவேண்டும். கன்வெர்ட்டர் இதைச் செய்துவிடும், சரி. வரி முடிவில் ஆபரேட்டர் கையால் என்டர் தட்டி உடைத்த இடங்களை யார் தேடுவது? ஃபாண்ட் அகலம் மாறினால் பக்கம் ஓடும், பொருளடக்கமும் மாறும். நானூறு பக்கப் புத்தகத்தை முதலிலிருந்து ப்ரூஃப் பார்க்கப் பதிப்பாளர் காசு கொடுப்பாரா? மறுபதிப்புக்கு ஐம்பது பிரதி கேட்பார், அவ்வளவுதான்.

யூனிகோடுவாசி:
எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவில்லையே. கல்யாணப் பத்திரிகை போகட்டும். புத்தகங்களை மட்டுமாவது எடுங்கள். இன்னொன்று, பழைய பெட்டியோடு வந்த ஓஇஎம் எக்ஸ்பி உரிமம் அந்தப் பெட்டிக்கு மட்டும்தான். அதை விஎம்முக்குக் கொண்டுபோக முடியாது.

அச்சுக்கூடம்:
தம்பி நேற்றே ஒரு விஎம் போட்டுவிட்டான், டாங்கிள் இல்லாமல். எக்ஸ்பி வந்தது, ஆனால் நகரவே மாட்டேன் என்கிறது. ஜன்னலின் கீழ் வரிசையில் ஒரு பச்சை ஆமை தெரிகிறது.

குறுந்தகடு:
அந்த ஆமைதான் காரணம். விண்டோஸ் 11-இன் ஹைப்பர்-வி (விண்டோஸிலேயே இருக்கும் விஎம் வசதி) முன்னாலேயே பிராசசரைப் பிடித்துக்கொண்டது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் தயவில் ஓடுகிறது. அதைப் பயன்படுத்தும் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு வசதியை அணைத்து, ஹைப்பர்-வி தொடர்பானவற்றையும் நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். அணைத்தால் விண்டோஸின் பாதுகாப்பு கொஞ்சம் குறையும். அதனால் இணையம் இல்லாத தனிக் கம்ப்யூட்டரில் செய்தால் நல்லது. விர்ச்சுவல்பாக்ஸ் மாதிரியே இருக்கும் விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷனும் 2024 நவம்பரிலிருந்து கடைக்காரருக்கும் இலவசம், அதையும் பாருங்கள். எதில் போட்டாலும் எக்ஸ்பிக்கு நெட்வொர்க் கொடுக்காதீர்கள். 2017-இல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் வந்தபோது, கைவிட்ட எக்ஸ்பிக்கே மைக்ரோசாஃப்ட் பேட்ச் விட வேண்டியிருந்தது.

லேத்துப்பட்டறை:
அணைப்பது, நீக்குவது, கார்டு, லினக்ஸ்... இதற்கு நாலு கப்பாசிட்டர் மாற்றுவது சுலபம் என்று இப்போதும் சொல்வேன். சரி, விஎம் ஓடிவிட்டால் அந்த மதர்போர்டைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள் அச்சுக்கூடம் சார். அசல் பேரலல் போர்ட் உள்ள போர்டு கிடைப்பது குதிரைக்கொம்பு. எனக்கு அனுப்புங்கள், கூரியர் செலவு என்னுடையது.