தேர்தல் வந்தால் துப்பாக்கியோடு மலையிறங்குகிறோம்

கீழ்ப்பழனி மலையில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பி, மிளகு, மலைவாழை. தாத்தா காலத்தில் பயிர்ப் பாதுகாப்புக்காக உரிமம் பெற்று வாங்கிய, '12 போர்' என்ற குழல் அளவுள்ள இரட்டைக் குழல் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. இரவில் காட்டுப்பன்றி இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு, அவ்வளவுதான் அதன் வேலை. பன்றியைச் சுட நமக்கு அனுமதி இல்லை, ஓசைக்கு மட்டும்தான். அது தோட்டத்தைத் தாண்டி வெளியே போவது தேர்தல் சமயத்தில், அது முடியும்வரை காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கக் கொண்டுபோகும்போதுதான். வழியில் போலீசாரிடம் நிற்காமல் ஒருமுறைகூட நான் போய்ச் சேர்ந்ததில்லை.

1996 தேர்தலின்போது எனக்கு 14 வயது. அப்பா வெள்ளை வேட்டி கட்டி, துப்பாக்கியை வாரோடு தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். உறை கிடையாது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன் இருக்கையில் இருந்த தலைமைக் காவலர் மட்டும் எழுந்து வந்து, "ஐயா, உள்ளே தோட்டா இருக்கிறதா?" என்று கேட்டார். "இல்லை ஏட்டையா, பாருங்கள்" என்று அப்பா குழலை மடக்கித் திறந்து நீட்டினார். அவர் ஒரு கண்ணை மூடி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து இரண்டு குழலையும் பார்த்தார். "கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறீர்கள்" என்றார். உரிமப் புத்தகத்தைப் பிறகுதான் கேட்டார். அன்று அப்பாவின் முகத்தில் இருந்த பெருமை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அப்பாவுக்குப் பிறகு உரிமம் என் பெயருக்கு வந்தது. 2019 மக்களவைத் தேர்தலில் மலையடிவாரத்தில் பறக்கும் படை என் ஜீப்பை நிறுத்தியது. அவர்கள் தேடியது பணத்தை. 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் கணக்குக் காட்ட வேண்டும் அல்லவா, அந்தச் சோதனை. வீடியோ எடுப்பவர் ஒருவர், துப்பாக்கி ஏந்திய இளம் காவலர் ஒருவர், ஒரு அதிகாரி. "பின்னால் அந்த நீளப் பையில் என்ன?" என்று கேட்டார்கள். நான் செய்த தவறு இதுதான்: "துப்பாக்கி" என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டு, எடுத்துக் காட்டலாம் என்று கையைப் பின்னால் நீட்டினேன். அந்த இளம் காவலர் இரண்டடி பின்வாங்கிய வேகத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. "கையை வெளியே வை, இறங்கு!" என்று கத்தினார். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. அவருக்கும் பயம்தானே.

அதோடு முடியவில்லை. உரிமப் புத்தகம் புதுப்பிக்கப் போயிருந்தது. அப்போது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், ஐந்தாண்டாக மாறியது அந்த ஆண்டு டிசம்பர் திருத்தத்தில்தான். என்னிடம் இருந்தது நகலும் ஒப்புகைச் சீட்டும் மட்டும். ஆயுதச் சட்டம் 19ஆம் பிரிவின்படி, உரிமத்தைக் காட்டு என்று எந்தக் காவல் அதிகாரியும் கேட்கலாம், காட்ட முடியாவிட்டால் ஆயுதத்தைக் கைப்பற்றலாம். எங்கள் நிலையத்து எழுத்தரைத் தொலைபேசியில் பிடித்து, பதிவேட்டில் எண்ணைச் சரிபார்த்து விடுவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. அன்று முதல், துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி வந்த கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்கிறேன். யாராவது நிறுத்தினால், முதலில் கீழே இறங்கி, இரண்டு கையும் தெரிய நின்று, "உரிமம் இருக்கிறது, ஒப்படைக்கப் போகிறேன், தோட்டா தனிப் பையில் இருக்கிறது" என்று சொல்லிவிடுகிறேன். பையை அவர்களே திறக்கட்டும்.

2021இல் நிலையத்தில்தான் வைத்தேன். விசை வளையத்தில் சணல் கயிறு கட்டி, அட்டையில் எண் எழுதித் தொங்கவிட்டு, சுவரோரம் மற்றவற்றோடு சாத்தினார்கள். அந்தச் சுவரில் ஈரம் கசிந்திருந்தது. எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றித் தருகிறேன் என்றேன். "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்றார்கள். திரும்பி வந்தபோது இடக் குழலுக்குள் மிளகளவு துருப்புள்ளி.

ஆகவே 2024இல் மதுரையில் உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் ஒப்படைக்க அனுமதி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் கிளம்பினேன். வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில் ஒரு பெண் உதவி ஆய்வாளர் நிறுத்தினார். உறையின் நுனியை எலி கடித்திருந்ததால் குழல் நான்கு விரல் நீளம் வெளியே தெரிந்தது. உரிமத்தையும் கடிதத்தையும் பொறுமையாகப் படித்துவிட்டு, "சார், எல்லாம் சரி. ஆனால் 2016 விதிப்படி பொது இடத்தில் துப்பாக்கி முழுவதும் மூடியிருக்க வேண்டும். இப்படி ஏறினால் பயணிகள் பயப்படுவார்கள்" என்றார். தோளில் மாட்டி நின்ற அப்பாவை நினைத்துக்கொண்டேன். ஆனால் உதவி ஆய்வாளர் சொன்னதே சரி. பக்கத்து மண்டியில் ஒரு பழைய மிளகுச் சாக்கு வாங்கி வந்தேன். ஒரு முனையை அவரே பிடித்துக்கொள்ள, நான் சுற்றிக் கட்டினேன். மதுரை பஸ்ஸில் உட்காரும்வரை கூடவே நின்றார்.

காவலர்களிடம் எனக்குக் குறை இல்லை. குறை, எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கும் நடைமுறையில்தான். ஜாமீனில் இருப்பவர், குற்றப் பின்னணி உள்ளவர், முன்பு தேர்தல் கலவரத்தில் சிக்கியவர் என்று ஆராய்ந்து முடிவுசெய்ய மாவட்டந்தோறும் குழு இருக்கிறது. இருந்தும் எங்கள் பக்கத்தில் உரிமம் உள்ள எல்லாருக்கும் கடிதம் வருகிறது. 2024இல் மார்ச் 16ஆம் தேதி தேர்தல் அறிவிப்பு, ஜூன் 4ஆம் தேதி முடிவு. அத்தனை நாளும் வாழைக்கன்றுக்குத் தகர டப்பாதான் காவல். உரிமமே இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளுக்கோ கடிதம் போவதில்லை.

அந்தத் துருப்புள்ளி இன்னும் போகவில்லை. தையல் மெஷின் எண்ணெயும் பருத்தித் துணியும் வைத்து மாதம் இருமுறை தேய்க்கிறேன். ஒப்படைக்கும்போது எண்ணெய் போட்டுத் துணியில் சுற்றி வைக்க உங்கள் ஊர் நிலையத்தில் விடுகிறார்களா? விடுகிறார்கள் என்றால், யாரிடம் எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதுங்கள்.