அறுகம்பைக்கு வெட்சூட் கொண்டு போகலாமா?

குளிர்நாடன் (நுவரெலியா):
ஆகஸ்ட் லீவுக்குக் கிழக்குக் கரை அறுகம்பையில் சர்ஃபிங் பழகப் போகிறோம். இங்கிலாந்தில் கோர்ன்வோல் பக்கம் இருக்கும் மச்சான் தன் பழைய 3/2 வெட்சூட்டை, அதுதான் குளிர்க் கடலில் போடும் ரப்பர் உடுப்பை, அனுப்பியிருக்கிறான். நெஞ்சில் 3 மில்லி, கைகாலில் 2 மில்லி தடிப்பு. கொண்டு போகலாமா? வீட்டில் இரண்டு கட்சி.

பொத்துவில் மருமகன் (பதுளை):
அலுமாரியிலேயே வையுங்கள் தம்பி. அந்தக் கடல் வருஷம் முழுக்க ஏறத்தாழ 27 முதல் 30 பாகைக்குள்தான். 3/2 என்பது 15, 18 பாகைத் தண்ணீருக்கான உடுப்பு. ஆகஸ்டில் அந்தப் பக்கம் கச்சான் காற்று அடிக்கும், அதுவே சுடும். அதை மாட்டிக்கொண்டு போர்டில் படுத்துக் கையால் தண்ணீரை வலித்தால், அலையைப் பிடிக்கும் முன்பே அவிந்துவிடுவீர்கள்.

தேயிலைத்தூள் (அட்டன்):
அண்ணன் சொல்வது கால் நனைக்கிறவர்களுக்குச் சரி. தண்ணீர் 28 என்றால் உடம்பு 37. காற்றைவிடத் தண்ணீர் 25 மடங்கு வேகமாகச் சூட்டை இழுக்கும். விடியற்காலையில் இறங்கி இரண்டு மணித்தியாலம் கிடந்து பாருங்கள். அலைக்குக் காத்திருக்கும்போது ஈர உடம்பில் காற்றுப் பட்டால் ஒல்லி ஆட்களுக்குப் பல் அடிக்கும். பெரிய அலை அடிக்கும் மெயின் பொயின்ட்டில் அடியில் பாறை வேறு. விழுந்தால் தோல் உரியும்.

பொத்துவில் மருமகன்:
நடுங்கினால் கரைக்கு வந்து ஒரு பிளேன்டி குடியுங்கள், தீர்ந்தது. பழகுகிற பிள்ளைக்கு மெயின் பொயின்ட்டில் என்ன வேலை? பழகுகிறவர்களுக்கென்றே சின்ன அலையோடு பேபி பொயின்ட் இருக்கிறதே.

ஊவா அக்கா (பண்டாரவளை):
இரண்டு பேரும் வெயிலை விட்டுவிட்டீர்கள். குப்புறப் படுத்தே கிடக்கும் விளையாட்டு இது. பிடரியும் முழங்காலின் பின்புறமும் கருகிப்போகும். மெழுகு பூசிய போர்டில் நெஞ்சு உரசிப் புண்ணாகும். நீளக்கை வைத்த லைக்ரா ரேஷ் கார்ட், அதாவது உடம்போடு ஒட்டும் மெல்லிய நீச்சல் சட்டை, ஒன்று போதும். காற்றுக்குப் பயமென்றால் 1 மில்லி வெட்சூட் மேல்சட்டை.

இன்னொன்று, மச்சானின் பருமன் என்ன, உங்கள் பருமன் என்ன? வெட்சூட் தைக்கும் நியோப்ரீன் ரப்பருக்குள் இருக்கும் சின்னச் சின்ன வாயுக் குமிழ்கள்தான் சூட்டைப் பிடித்து வைக்கின்றன. உடம்போடு ஒட்டி நின்றால்தான் அதனால் பயன். தொளதொளவென்று இருந்தால் ஒவ்வொரு அலைக்கும் புதுத் தண்ணீர் உள்ளே வந்து போகும். அப்புறம் 3 மில்லி இருந்தென்ன, 5 மில்லி இருந்தென்ன?

தேயிலைத்தூள்:
சரி, டிசம்பரில் வெலிகம போகும்போதாவது உதவாதா?

பொத்துவில் மருமகன்:
தெற்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை சீசன். அங்கேயும் 27, 28தான். நுவரெலியாப் புல்லில் உறைபனி விழுந்தால் வெலிகமக் கடலும் குளிர்ந்துவிடுமா?

குளிர்நாடன்:
போட்டுப் பார்த்தேன். தோளில் தொங்குகிறது, அக்கா சொன்ன மாதிரியே. செப்டெம்பரில் தங்கச்சி படிக்கக் கோர்ன்வோல் போகிறாள். அவளிடம் கொடுத்து மச்சானுக்கே அனுப்பிவிடவா?

ஊவா அக்கா:
அனுப்புங்கள். கடல் மெதுவாகச் சூடேறி மெதுவாகத்தான் ஆறும். அதனால் அங்கே ஜூனைவிடச் செப்டெம்பரில் தண்ணீர் இதம், 16, 17 பாகை இருக்கும். 3/2க்கு ஏற்ற நேரம். பெப்ரவரி, மார்ச்சில் 10க்குப் போய்விடும். அப்போது 5 மில்லியும் காலுறையும் தொப்பியும் வேண்டும்.

தேயிலைத்தூள்:
தம்பி, அனுப்ப வேண்டாம். மச்சானின் அளவைச் சொல்லுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன்.