ராகம், தாளம், வாசித்தவர் பெயர்: வானொலியில் இதைச் சொல்வது ஏன் நின்றுபோனது?

பட்டறைக்காரன் (சிவதாபுரம், சேலம்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துகிறேன். காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலை ரேடியோவைத் திருகுவது, அப்புறம்தான் மற்றது. எங்கள் தொழிலில் கண்ணும் கையும் மாட்டிக்கொள்ளும், காது மட்டும் சும்மா கிடக்கும். கொலுசுக் கண்ணியில் பற்றவைக்கும் பொடி வைத்துத் தீயை ஊதும்போது பார்வை கொஞ்சம் விலகினாலும் வெள்ளி உருகி ஒன்றோடொன்று ஒட்டிவிடும். அதனால் டிவி வைக்க முடியாது, போனையும் பார்க்க முடியாது. ரேடியோதான் சரி.

நான் பாட்டு வாத்தியாரிடம் போய்ப் படித்தவன் இல்லை. எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்ச ராகமும் அறிவிப்பாளர்கள் சொல்லிக்கொடுத்ததுதான். பாட்டு முடிந்ததும், "நீங்கள் கேட்டது கரகரப்பிரியா ராகம், ஆதி தாளம், தியாகராஜர் கீர்த்தனை" என்று ஒரு குரல் நிதானமாகச் சொல்லும். வருஷக்கணக்கில் அதைக் கேட்டுக்கேட்டு, யாரும் பாடம் நடத்தாமலே காது பழகிவிட்டது. இங்கே பல பட்டறைகளில் என் வயதுக்காரர்கள் இப்படித்தான்.

இப்போது அந்தக் குரலைக் காணோம். எங்கள் பக்கம் கிடைக்கும் நிலையம் ஒன்றில் (பெயர் வேண்டாம், மற்ற நிலையங்களிலும் இதே கதை என்று நண்பர்கள் சொல்கிறார்கள்) போன வாரம் காலையில் நாதஸ்வரம் வைத்தார்கள். பழைய ஒலிப்பதிவு, தவில் கொஞ்சம் தூரத்தில் கேட்டது. ஆனால் நாதஸ்வரத்தின் ஊதுவாயான சீவாளி ஈரமாகும் சத்தம்வரைக்கும் காதில் விழுகிற அளவுக்கு நல்ல பதிவு. பட்டறையில் ஊதுகிற பெரியவர் "ஆரபி" என்றார். மெருகு போடுகிற தம்பி, "இல்லைங்க, தேவகாந்தாரி" என்றான். பெரியவருக்கு ரோஷம் வந்துவிட்டது. சரி, முடிந்ததும் சொல்லுவார்கள் என்று மெருகு மோட்டாரைக்கூட நிறுத்திவிட்டுக் காத்திருந்தோம். வாசிப்பு உச்சத்தில் இருக்கும்போதே சத்தம் இறங்கி, உர விளம்பரம் வந்தது. அதோடு சரி. வாசித்தவர் யார், தவில் யார், ஒன்றும் தெரியாது. நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் வாசிப்பு என்பது என் ஊகம். அவர் ஊர் பழைய சேலம் ஜில்லா, அந்தப் பிடியை இங்கே நிறைய பேருக்குத் தெரியும். ஆனால் நான் ஊகித்து என்ன பிரயோஜனம்?

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே வானொலியில் சினிமாப் பாட்டுக்குப் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் எல்லாம் இன்றைக்கும் சொல்கிறார்கள். கீர்த்தனைக்கும் நாதஸ்வரத்துக்கும்தான் ஊமை வேஷம். நான் சினிமாப் பாட்டுக்கு விரோதி கிடையாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் எங்கள் பட்டறையில் அதுதான் ஓடும். இரண்டுக்கும் ஒரே மரியாதை வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

என் கேள்வி: அறிவிப்பு சொல்ல வேண்டும் என்று விதி ஏதாவது இருக்கிறதா? யாருக்கு எழுதினால் வேலை நடக்கும்?

மைக்முன் (கோவை):

அண்ணே, நான் ஒரு நிலையத்தில் தற்காலிக அறிவிப்பாளராகப் பல வருஷம் குப்பை கொட்டியவன். உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

டேப் காலத்தில் ஒவ்வொரு டேப் பெட்டிக்குள்ளும் ஒரு காகிதம் இருக்கும். பாடியவர், பக்கவாத்தியம், உருப்படி, ராகம், தாளம், இயற்றியவர், எத்தனை நிமிஷம் எத்தனை விநாடி, எல்லாம் அதில் எழுதியிருக்கும். அறிவிப்பாளர் அதைப் பார்த்துத்தான் பேசுவார். பிறகு டேப்பையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். ஒலி ஏறியது, காகிதம் அலமாரியிலேயே தங்கிவிட்டது. திரையில் "நாதஸ்வரம் 14" என்று இருந்தால் அறிவிப்பாளர் எதைச் சொல்வார்? தெரியாத ராகத்தைத் தப்பாகச் சொல்லி மாட்டிக்கொள்வதைவிடப் பேசாமல் இருப்பது மேல் என்று நினைத்துவிடுகிறார்கள். இப்போது பல வேளைகளில் அறையில் ஆளே கிடையாது. பட்டியல் போட்டுவிட்டால் அது பாட்டுக்கு ஓடும்.

நடுவில் அறுபடுவதற்குக் காரணம் வேறு. தில்லியிலிருந்து வாங்கி ஒலிபரப்புகிற செய்தி கடிகார முள்ளுக்கு வந்தாக வேண்டும், தில்லி யாருக்காகவும் காத்திருக்காது. விளம்பரத்துக்கும் நேரம் குறித்திருக்கும். நிலையத்தின் நிகழ்ச்சி அட்டவணையை நாங்கள் எஃப்பிசி என்போம், அதில் எல்லாம் முன்கூட்டியே நிர்ணயம். எனக்குக் கற்றுக்கொடுத்த மூத்தவர், மிச்சம் ஏழு நிமிஷம் என்றால் ஏழு நிமிஷத்துக்குள் முடிகிற துக்கடாவை, அதாவது சின்னப் பாட்டை, தேடி எடுப்பார். ஒரு நிமிஷத்தை அறிவிப்புக்கென்று ஒதுக்கிவைப்பார். நீளமான ஆலாபனையைப் போட்டுவிட்டுக் கழுத்தை நெரிப்பதை அவர் பாவம் என்றே சொல்வார். அது சோம்பேறித்தனம் என்பது என் அபிப்பிராயம்.

விதியைப் பற்றி: "ராகம் சொல்ல வேண்டும்" என்ற வாசகத்தைத் தேடிக் கஷ்டப்படாதீர்கள். வானொலியையும் தூர்தர்ஷனையும் நடத்துகிற அமைப்பு பிரசார் பாரதி. அதற்கான சட்டம் 1990, நடைமுறைக்கு வந்தது 1997. அதன் 12ஆம் பிரிவு போதும். மக்களுக்குத் தகவல், கல்வி, பொழுதுபோக்கு தருவது முதல் கடமை என்கிறது. பல்வேறு வட்டாரங்களின் பண்பாட்டுக்கும் மொழிக்கும் போதிய இடம் தர வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. கடிதத்தில் அதைக் குறிப்பிடுங்கள்.

வில்லும்நாணும் (அம்மாபேட்டை, சேலம்):

நான் வயலின். வானொலியில் பி-ஹை கிரேடு. முதலில் உங்கள் பட்டறைச் சண்டையைத் தீர்க்கிறேன். இரண்டு ராகத்துக்கும் ஆரோகணம் அவரோகணம் (ஸ்வரங்கள் ஏறும் வரிசை, இறங்கும் வரிசை) ஒன்றுதான், அதனால் பெரியவரும் தம்பியும் முட்டிக்கொண்டதில் ஆச்சரியமே இல்லை. ஆரபி துள்ளிக்கொண்டு போகும், காந்தாரம் (க), நிஷாதம் (நி) இரண்டும் தொட்டும் தொடாமலும் ஓடிவிடும். தேவகாந்தாரி சவுக்கமாக, மெதுவாக இழையும், ரிஷபத்தையும் (ரி) தைவதத்தையும் (த) நீட்டி அசைப்பார்கள். தியாகராஜரின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளில் "சாதிஞ்சனே" ஆரபி. "க்ஷீரசாகர சயன" தேவகாந்தாரி. இரண்டையும் ஒரு முறை அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். வாசிப்பு நின்று நிதானமாகப் போயிருந்தால் தம்பி பக்கம்தான் நியாயம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வாசித்தவர் பெயரைச் சொல்லாதது எங்களுக்கு வயிற்றுப்பிழைப்புப் பிரச்சினை. ஆடிஷனில் பெயரை மறைத்துத்தான் கேட்பார்கள், அது நல்லது, சிபாரிசு செல்லாது. பி, பி-ஹை, ஏ, ஏ-டாப் என்று படிப்படியாக ஏற வேண்டும். ஏறியபின் வானொலியில் பெயர் சொன்னால்தான் அடுத்த ஊர்க் கோயில் கமிட்டிக்காரருக்கு எங்களைத் தெரியும். தேர்வில் பெயரை மறைப்பது சரி, ஒலிபரப்பிலும் மறைத்தால் எப்படிங்க?

ஆனால் "தரம்" என்ற பேச்சு வந்தாலே எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. 1952-இல் கேஸ்கர் மத்தியில் தகவல் ஒலிபரப்பு மந்திரியானபோது தரம் என்றுதான் சினிமாப் பாட்டை ஒதுக்கினார்கள். ஜனங்கள் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பிவிட்டார்கள். கடைசியில் 1957 அக்டோபர் 3-ஆம் தேதி விவித பாரதி என்ற பொழுதுபோக்குச் சேவையைத் தொடங்க வேண்டியதாயிற்று. அதற்கும் முன்னால், 1940-இல் ஆர்மோனியத்துக்குத் தடை. அதன் சுருதி நம் சங்கீதத்தில் ஸ்வரத்தை அசைக்கும் கமகத்துக்கு ஒத்துவராது என்பது வாதம். வாதத்தில் விஷயம் இல்லாமல் இல்லை, வயலின்காரன் நானே ஒத்துக்கொள்வேன். ஆனால் 1971 வரைக்கும் அந்தத் தடை தளரவில்லை. நம் பக்கத்துத் தெருக்கூத்தில் ஆர்மோனியம் இல்லாமல் ஒரு ராத்திரி விடியுமா? பட்டறைக்காரர் கேட்கிற தரம் வேறு: எதை வைத்தாலும் ஒழுங்காகச் சொல்லி, ஒழுங்காக முடி. அதற்கு யாரையும் வெளியே தள்ள வேண்டியதில்லை. அதனால் என் ஓட்டு அதற்கு.

சுருளிப்பட்டி பேரன்:

இதுக்கு ஏன் இவ்வளவு பெரிய பஞ்சாயத்து? 2016 ஜனவரி 26-லிருந்து வானொலிக்காரர்களே ராகம் என்று சாஸ்திரிய இசைக்குத் தனி அலைவரிசை நடத்துகிறார்கள். நியூஸ்ஆன்ஏர் ஆப்பில் இருக்கிறது. நாள் பூராவும் கேட்கலாம். போட்டுவிட்டு வேலையைப் பாருங்க.

பட்டறைக்காரன்:

தம்பி, ஆப் எங்கள் பையனிடம் இருக்கிறது, ராகம் அலைவரிசையையும் கேட்டேன், நல்ல சரக்கு, மறுக்கவில்லை. ஆனால் அது தேடிப் போகிறவனுக்கு. நான் தேடிப் போனவன் இல்லை. விவசாயச் செய்திக்கும் தேன்கிண்ணத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கேட்டவன். தனி அறை கட்டிக் கொடுத்துவிட்டோம், கூடத்துக்கு வராதே என்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது.

வயலின் ஐயா சொன்ன இரண்டையும் போட்டுப் பார்த்தோம். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, தம்பிக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

காப்பித்தோட்டம் (ஏற்காடு):

நீங்கள் கீர்த்தனைக்கு அழுகிறீர்கள், எங்கள் கதையைக் கேளுங்கள். மலைக்குப் பின்பக்கச் சரிவில் எங்கள் ஊர். எஃப்எம் நேர்கோட்டில் போகிற சமாச்சாரம், மலை குறுக்கே நின்றால் கரகரவென்று இழுக்கும். அதனால் பழைய மீடியம்வேவ் பெட்டியை விடவில்லை. ராத்திரியில் திருச்சி 936, சென்னை 720, பெங்களூர் 612 எல்லாம் வரும், இடி மின்னல் இல்லாத நாளாக இருந்தால்.

சேர்வராயன் கோயில் திருவிழா மே மாதம். அப்போது பாடுகிற, மலையாளி என்கிற எங்கள் மலைவாழ் சனத்துப் பாட்டை, நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு நிலையத்துக்காரர்கள் மலையேறி வந்து பதிவு செய்தார்கள். மேளத்தைத் தீயில் காட்டிச் சூடேற்றும்வரை பொறுமையாக உட்கார்ந்திருந்ததும், குழந்தை அழுததற்காக மறுபடியும் பாடச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. அது இன்னமும் எப்போதாவது ஒலிபரப்பாகிறது. அறிவிப்பு என்ன தெரியுமா? "கிராமிய இசை. வழங்குவோர் குழுவினர்." எந்தக் குழு? எந்த மலை? முன்பாட்டுப் பாடியவர் பெயர் அன்றைக்கே எழுதிக்கொண்டு போனார்கள், நான் பக்கத்தில் நின்றேன். தியாகராஜருக்குப் பெயர் இருந்தது, இப்போது போய்விட்டது. எங்களுக்கு ஒருநாளும் சொன்னதே இல்லை. எழுதுகிற கடிதத்தில் இதையும் சேர்ப்பீர்களா?

மைக்முன்:

கட்டாயம் சேர்க்க வேண்டும். அந்தக் காகிதம் அநேகமாக இன்னும் டேப் பெட்டிக்குள் இருக்கும். கிராமிய இசையைப் பட்டியலிடும்போது ஊர்ப் பெயரை விட்டுவிட்டு வகையை மட்டும் போடுவார்கள், நானே பார்த்திருக்கிறேன்.

கடிதம் எழுதும்போது "தரம் குறைந்துவிட்டது" என்று பொதுவாக எழுதாதீர்கள். அப்படி வருகிற கடிதம் நேராகக் கோப்புக்குள் போய்விடும். தேதி, நேரம், எந்த நிகழ்ச்சி, எத்தனையாவது நிமிஷத்தில் அறுபட்டது என்று எழுதுங்கள். நிகழ்ச்சிப் பிரிவுத் தலைவருக்கு ஒன்று, அதன் நகல் சென்னைக்கு. கேட்பது சின்னதாக இருக்கட்டும்: டேப் பெட்டியில் இருக்கிற விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள், காலை மங்கள இசையிலிருந்து தொடங்குங்கள் என்று. அதற்குப் பணம் தேவையில்லை, தட்டச்சு செய்ய ஒரு ஆள் போதும்.

பட்டறைக்காரன்:

சரிங்க, அப்படியே செய்கிறேன். நாதஸ்வரம் அறுபட்ட தேதியும் நேரமும் சுவர் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். ஏற்காட்டுக்காரரே, முன்பாட்டுக்காரர் பெயரை இங்கே பொதுவில் போட வேண்டாம், தனியாக அனுப்புங்கள். பதிவு நடந்த வருஷம் தோராயமாகத் தெரிந்தாலும் போதும். வயலின் ஐயா, கடிதத்தை எழுதியதும் உங்களிடம் ஒருமுறை காட்டுகிறேன், ராகப் பெயரில் எழுத்துப்பிழை இருந்தால் நம் மானம் போய்விடும்.