துபாய் வெல்டர் வேலை, ஏஜென்ட் கேக்குத காச கட்டலாமா?

கேள்வி: அண்ணாச்சிமாரே, தம்பி பேட்டை ஐடிஐல வெல்டர் முடிச்சிருக்கான், துபாய்க்கு ஆள் எடுக்கோம்னு ஒரு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேக்காரு, கட்டலாமா? அங்க போயி நல்லா வந்தவங்க என்ன செஞ்சாங்கன்னும் சொல்லுங்க.

பதில் 1: கட்டிராதீய தம்பி! பதிவு பண்ண ஏஜென்ட் வாங்குத சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், அதுக்கு மேல கேக்கப்பிடாது. மத்திய அரசோட இமைகிரேட் தளத்துல ஏஜென்டோட லைசென்ஸ் நம்பர பாருங்க. தமிழ்நாடு அரசோட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்துலயும் பதிஞ்சு வைங்க.

பதில் 2: பத்தாவது பாஸாகலன்னா பாஸ்போர்ட் இசிஆர் வகைதான், அதாவது துபாய்க்கு வேலைக்குப் போக அரசோட குடிபெயர்வு அனுமதி வேணும். விசிட் விசால மட்டும் அனுப்பிராதீய.

பதில் 3: நான் ஷார்ஜால இருக்கேன். இங்க நல்லா வந்த வெல்டர்மார்ட்ட நான் பாத்த பழக்கம், ஷிப்ட் முடிஞ்சும் வேஸ்ட் பைப்ப 45 டிகிரி சரிவுல மாட்டி 6ஜி (சரிவா நிக்குத பைப்ப சுத்தி வெல்டு பண்ணுதது) பழகுவாங்க, ரூட் பாஸ் (அடியில போடுத முதல் வெல்டு) உள்பக்கம் சீரா இறங்கிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாப்பாங்க. ஆள் எடுக்கதுக்கு வைக்குத ட்ரேட் டெஸ்ட்ல கைவேலையத்தான் பாக்காங்க, தம்பிய இப்பமே பழகச் சொல்லுங்க.