ஜாமீன் என்றால் நிலமா?

கோர்ட்டுக் குமாஸ்தா:
"ஜமீனை அடகு வைத்து ஆளை மீட்டார்கள், அதனால்தான் ஜாமீன்" என்று சிவகங்கைச் சீமான் நேற்று எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் இருக்கிறார்கள். படித்ததிலிருந்து பொறுக்கவில்லை. ஜமீன் பாரசீகச் சொல், நிலம் என்று பொருள். ஜாமீன் அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்தது, பொறுப்பேற்பவர் என்று பொருள். ஒன்றுக்கொன்று ஒட்டோ உறவோ கிடையாது.

சிவகங்கைச் சீமான்:
ஒரு துணைக்கால் சேர்ந்தால் உறவு அறுந்துவிடுமா ஐயா? ஜாமீன் கொடுக்கப் போகிறவரிடம் சிட்டாவும் வீட்டுவரி ரசீதும் எதற்குக் கேட்கிறார்கள்? நிலம்தானே!

கோர்ட்டுக் குமாஸ்தா:
துணைக்கால் மட்டுமில்லை. உருதுவில் இரண்டுக்கும் முதல் எழுத்தே வேறு. மராத்தியில் இன்றைக்கும் ஜாமீன் என்றால் பிணை, ஜமீன் என்றால் நிலம். தஞ்சாவூரை ஆண்ட மராட்டியர்கள் பேசிய மொழி அது. ஆள் ஓடிவிட்டால் பணத்தை வசூலிக்க வழி இருக்கிறதா என்று பார்க்கத்தான் சொத்துச் சான்று. உங்கள் கணக்குப்படி கோர்ட் வாசலில் ரேஷன் கார்டோடு நிற்கிற ஜாமீன்தாரர் எல்லாம் ஜமீன்தாரரா?

யாழ்நிலவன்:
இரண்டு இரவல் சொற்களுக்கு இவ்வளவு சண்டை. எங்கள் இலங்கையில் 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிணைச் சட்டம் என்றுதான் பெயர். நீங்கள் ஏன் பிணை என்று சொல்லக் கூசுகிறீர்கள்?

கோர்ட்டுக் குமாஸ்தா:
கூச்சமில்லை தம்பி. மனுவில் பிணை என்றுதான் எழுதுகிறோம். வராந்தாவில் "ஜாமீன் கிடைச்சுதா?" என்றுதான் கேட்பார்கள்.

சட்ட மாணவி:
யாரும் பொருளைப் பேசவில்லையே? 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பெயிலுக்கு வரையறையே இல்லை. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 2ஆம் பிரிவில்தான் அது வந்தது: நிபந்தனையோடு காவலிலிருந்து விடுவிப்பது. இன்னொருவர் பொறுப்பேற்றால் பெயில் பாண்ட், தன் கையெழுத்து மட்டும் போதும் என்றால் பாண்ட். 1978இல் மோதிராம் என்ற கொத்தனாரின் வழக்கைப் பாருங்கள். 10,000 ரூபாய்க்கு ஷூரிட்டி, அதாவது பொறுப்பேற்க இன்னொரு ஆள், கேட்டார்கள். அண்ணன் தம்பி உறவில் ஒருவர் முன்வந்தும், அவர் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று மாஜிஸ்திரேட் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, 1,000 ரூபாய் சொந்தப் பத்திரத்தில் மோதிராமை விடுவிக்கச் சொன்னார்.

சிவகங்கைச் சீமான்:
பார்த்தீர்களா, அங்கேயும் சொத்து! தங்கச்சியே என் பக்கம்தான்.

சட்ட மாணவி:
நான் சொன்னது அதற்கு நேர் எதிர். சொத்தே இல்லாமலும் ஜாமீன் உண்டு.

கோர்ட்டுக் குமாஸ்தா:
அவருக்கு எங்கே புரியப் போகிறது? போன மாதம் வாய்தா என்பது "வாய் தா" என்று எழுதியவர்தானே! அதுவும் அரபிதான், வாக்குக் கொடுப்பது என்று பொருள். அன்றைக்கும் ஆதாரம் காட்டினேன், பதிலே இல்லை.

சிவகங்கைச் சீமான்:
அன்றைக்கு நீங்கள் என் ஊரையும் சேர்த்துத்தானே ஏசினீர்கள்? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

யாழ்நிலவன்:
பிணை பற்றிக் கேட்டதற்கு இன்னும் ஒழுங்கான பதில் வரவில்லை.

கோர்ட்டுக் குமாஸ்தா:
ஊரை யாரும் ஏசவில்லை. மறுபடியும் சொல்கிறேன், முதல் எழுத்தே வேறு. உருது படித்த யாரிடமாவது இரண்டையும் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

சிவகங்கைச் சீமான்:
உருதுவில் எப்படியோ இருக்கட்டும். தமிழில் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம்.